கசடு – 9: பச்சைத் தாள்

கிராமத்திலிருந்து வந்த தொட்டையன் மேசைமேல் வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலுக்குப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஒரே பக்கம். உமாதேவி அதை மூன்று முறை படித்தாள்.

குடிக்கிற தண்ணீரில் எஞ்சின் எண்ணெய். கூடவே ஈயம்.

தொட்டையனின் ஊரில் நாற்பது வீடு. எல்லாருக்கும் ஒரே போர்வெல். கூப்பிடு தூரத்தில், கல் எடுத்து முடித்துக் கைவிட்ட ஒரு குவாரி. அந்தக் குவாரிப் பள்ளத்தில் யாரோ மாதக்கணக்காக வேஸ்ட் ஆயிலைக் கொட்டியிருக்கிறார்கள். மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் கிடக்கும் தொட்டையனின் மருமகள் இன்னும் வீடு திரும்பவில்லை.

"நஞ்சன்கூடு ரோட்ல ஆயில் சுத்தம் பண்ற ஆலை ஒண்ணுதான் இருக்கு. போய் ரெக்கார்ட் பாத்துட்டு வா" என்று மேலதிகாரி சுசித்ரா ஒரு கட்டுப் பச்சைத் தாள்களை அவளிடம் கொடுத்தார். சுசித்ராவுக்குக் கன்னடம்தான் வீட்டுப் பேச்சு. உமாவிடம் மட்டும் பாதித் தமிழில் பேசுவார்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் சேர்ந்த இந்த ஒன்பது வருஷத்தில் உமா அந்தப் பச்சைத் தாள்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறாள். ஒர்க் ஷாப்பிலிருந்து பழைய எண்ணெய் கிளம்பினால் கூடவே ஒரு சலான் கிளம்பும். கொடுத்தவர், ஏற்றிப் போனவர், வாங்கிக்கொண்டவர் மூவரும் கையெழுத்துப் போடவேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு நிறம். ஆலைக்காரர் 'வந்து சேர்ந்தது' என்று சீல் குத்தி வாரியத்துக்கு அனுப்புவது பச்சை.

அந்தத் தாள்களில் பாதிக்கு மேல் 'ஏற்றிப் போனவர்' என்ற இடத்தில் ஒரே கையெழுத்து. கிரண். அவளுடைய தம்பி.

அப்போதே சுசித்ராவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

ஆலை வாசலிலேயே அதன் முதலாளி குருபிரசாத் நின்றிருந்தார். ஐம்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை. ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூருக்கு வந்த தமிழ்க் குடும்பம். அவர் பிறந்ததே இங்கேதான்.

"வாங்கோ மேடம். நீங்க கிரணோட அக்காதானே? எங்க அக்கா போர்டுல இருக்கான்னு பெருமையாச் சொல்லுவான். காபி சாப்பிடறேளா?"

"முதல்ல பிளான்ட்டைப் பாக்கணும்."

எண்ணெய் காய்ச்சும் பெரிய கலன் பளபளவென்று பெயின்ட் அடித்து நின்றது. உமா அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்றிருந்தது. குனிந்து பர்னரைப் பார்த்தாள். அதன் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஒன்றல்ல, மூன்று.

"நேத்திக்குத்தான் மெயின்டனன்ஸுக்கு நிறுத்தினோம்" என்றார் குருபிரசாத்.

உமா ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, அவருடைய ரெஜிஸ்டரையும் தன் பச்சைத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. தேதி, நேரம், லிட்டர், சீல். இவ்வளவு சரியாக இருக்கும் கணக்கை அவள் எந்த ஆலையிலும் பார்த்ததில்லை.

பிப்ரவரி பத்தொன்பது. காலை பதினொன்றேகால். எட்டாயிரம் லிட்டர். ஏற்றி வந்தவர் கிரண்.

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி காலை பதினொன்றேகாலுக்குக் கிரண் மாதேஸ்வரன் மலையில் இருந்தான். மூன்று வயது மகள் மேதாவை மடியில் வைத்துக்கொண்டு நாவிதர் முன்னால் உட்கார்ந்திருந்தான். குழந்தை கதறியது. கால்களைப் பிடித்துக்கொண்டது உமா. லாரி இங்கே மைசூரில், வீட்டு வாசலில் நின்றது. இன்னொரு டிரைவர் கையில் சாவியைக் கொடுக்கிற பழக்கம் கிரணுக்குக் கிடையாது.

"பத்தொன்பதாம் தேதி வண்டி வந்துச்சா சார்?"

"வந்திருக்கே. சீல் இருக்கு பாருங்கோ."

"யார் ஓட்டிட்டு வந்தது?"

"கையெழுத்து இருக்கே மேடம். கிரண்தான்."

"அன்னிக்கு அவன் இங்க வரல. நான் அவன்கூட மலையில இருந்தேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது, தன் வாயால் எதைக் கொடுத்துவிட்டோம் என்று. குருபிரசாத் நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. நிம்மதி மாதிரி ஏதோ இருந்தது.

"அப்படின்னா கிரண் என்னை ஏமாத்தியிருக்கான். எண்ணெயை வெளியில வித்துட்டு, வாட்ச்மேனைப் பிடிச்சு சீல் குத்தி வாங்கிண்டு போயிருக்கான். நல்லவேளை, அதுக்கு நீங்களே சாட்சி."

"குளவிக்கூடும் அவன்தான் கட்டினானா சார்?"

அவர் சிரித்தார். "மேடம், ஆயில் ஏத்தறதுக்கு கிரண் உங்க போர்டுல வாங்கின லைசென்ஸோட அப்ளிகேஷன் காப்பி எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. முழுசும் உங்க கையெழுத்து. மூணு வருஷம் முன்னாடி நீங்கதான் நிரப்பிக் கொடுத்தேள். ரிப்போர்ட் எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிச்சுக்கோங்கோ. நாமெல்லாம் ஒரே பாஷைக்காரா."

அவள் எழுந்தாள். கொண்டுவந்து வைத்த காபி அப்படியே ஆறிக் கிடந்தது.

கேசரே பகுதியில் அம்மா வீட்டு வாசலில் ஆரஞ்சு நிற டேங்கர் லாரி நின்றது. அதன் சக்கரங்கள் அழுந்தியிருந்ததைப் பார்த்தே உமாவுக்குத் தெரிந்தது, உள்ளே லோடு இருக்கிறது.

ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்தாள்.

கிரண் தரையில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தான். அவன் மனைவி பூங்குழலி கீரைக்குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி" என்று எழுந்தவள், உமாவின் முகத்தைப் பார்த்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அம்மா சரசு சுவரோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ராமாபுரத்திலிருந்து புருஷனோடு கட்டட வேலைக்கு வந்து, முப்பது வருஷம் இந்த ஊரின் கல்லையும் மணலையும் சுமந்த உடம்பு அது.

"பத்தொன்பதாம் தேதி நீ எட்டாயிரம் லிட்டர் இறக்கியிருக்கே" என்றாள் உமா.

கிரண் நிமிரவில்லை. "எந்த மாசம்?"

"மேதாவுக்கு மொட்டை போட்ட அன்னிக்கு."

களியை உருட்டிய கை நின்றது.

"தேதி அவரு போடறது அக்கா. நான் மாசத்துக்கு ஒருக்கா மொத்தமாக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துருவேன்."

"வெறும் தாள்லயா?"

"ஆமா. முன்னே அவரு எண்ணெய் கேட்டாரு. அதைக் காய்ச்சறதுக்குக் கரண்டு, ஆளு, கசடை எடுத்து பத்திரமா அனுப்பறது, எல்லாம் செலவு. அப்பறம் புதுச் சட்டம் வந்துச்சு. உங்க சட்டம்தான். புது எண்ணெய் விக்கற கம்பெனிக்காரங்க, இவ்ளோ பழைய எண்ணெயைச் சுத்தம் பண்ணியாச்சுன்னு சர்டிபிகேட் வாங்கிக் காட்டணுமாம். அந்த சர்டிபிகேட்டை இவரு விக்கறாரு. அதுக்குத் தாளு போதும். எண்ணெய் எதுக்கு?"

"எண்ணெய் எங்க போகுது?"

"நல்லதா இருந்தா செங்கல் சூளைக்கு. எரிக்கறதுக்கு. தண்ணி கலந்தது, அடிக்கசடு, அதெல்லாம் எவனும் எடுக்கமாட்டான்."

"அதனால குவாரிக்கு."

அவன் தட்டை நகர்த்தி வைத்தான்.

"அந்தத் தண்ணிய நாப்பது வீட்டுக்காரங்க குடிக்கறாங்க கிரண். ஒரு பொண்ணு மூணு வாரமா ஆஸ்பத்திரியில கிடக்கறா. உன் பொண்டாட்டி வயசு."

"பக்கத்துல ஊரு இருக்கறது எனக்கு கொத்தில்ல அக்கா. சத்தியமாத் தெரியாது. முதல் தடவை."

"ரெண்டாவது தடவை?"

அவன் தட்டின் விளிம்பை விரலால் தேய்த்தான். பொய் சொல்லியிருந்தால்கூடக் கோபப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

"அவன் என்ன பண்ணுவான்?" சரசு துணியை மடித்தபடியே பேசினாள். "கொண்டு போயிக் கொட்டுடான்னு அந்த ஆளு சொல்றான். கொட்டலீனா லோடு இல்லீங்கறான். லாரிக்கு மாசத் தவணை யாரு கட்டறது, உன்ற போர்டா?"

"அம்மா, அது விஷம்."

"எங்களுக்கு மட்டும் எது அமுதா வந்துச்சு? சூளைப் பொகையிலதான் உங்களை ரெண்டு பேரையும் தூங்க வெச்சேன். அப்ப எந்த ஆபீஸரு வந்து கேட்டான்?"

உமா தம்பிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கிரண், என்கூட இப்பவே ஆபீஸுக்கு வா. யார் சொன்னது, எங்கெங்க கொட்டினது, வெறும் தாள்ல எப்படிக் கையெழுத்து வாங்கினாங்க, எல்லாத்தையும் நீயே சொல்லிடு. அவர் உன்மேல பழியைப் போடத் தயாரா இருக்கார். நீ முந்திக்கணும்."

"சொன்னா அவரு உள்ள போவாரா, நான் போவேனா?"

'அவர்தான்' என்று சொல்லியிருக்கலாம். தம்பியிடம் அவளுக்குப் பொய் வரவில்லை.

"ரெண்டு பேருமே."

"ஒள்ளே நியாயம். ரொம்ப நல்ல நியாயம்." கிரண் கையைத் தட்டிலேயே கழுவினான். "நான் ஒண்ணும் சொல்லிக்காட்டப் போறதில்ல அக்கா. ஐயன் செத்து அம்மா தனியா நின்னப்ப யாரு படிப்பை விட்டா, யாரு என்ஜினியரு ஆனா, அதெல்லாம் சொல்லமாட்டேன். சொன்னா நீ அழுவே. அழுதுபோட்டு, அப்பறமும் எழுதத்தான் போறே."

அவன் போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் வாசலுக்குப் போய்விட்டான். "சரிங்க சார்... இன்னிக்கேவா... சரிங்க." அவ்வளவுதான் காதில் விழுந்தது. திரும்பி வந்தவன் ஆணியில் மாட்டியிருந்த லாரிச் சாவியை எடுத்தான்.

"அந்த வண்டி இன்னிக்கு நகரக்கூடாது கிரண்!"

"நகரலீனா வண்டிக்கே சீல் வெப்பீங்க. சாக்கு அக்கா. போதும்."

எஞ்சின் சத்தத்தில் சுவரில் இருந்த சாமி படம் அதிர்ந்தது. உமா தெருமுனைக்கு ஓடி வருவதற்குள் லாரி ரிங் ரோட்டில் கலந்துவிட்டது. நாலு முறை அவனுக்குப் போன் செய்தாள். ஐந்தாவது முறை அணைத்து வைத்திருந்தான்.

மூன்று மணிக்கு சுசித்ராவின் அறையில் போய் நின்றாள்.

"மேடம், சலான்ல இருக்கற கிரண் என் தம்பி."

"கொத்து" என்றார் சுசித்ரா. தெரியும். கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "ஒரு மணி நேரம் முன்னாடி குருபிரசாத் மெயில் அனுப்பியிருக்கார். டிரைவர் மோசடி பண்ணிட்டான், போலீஸ்லயும் புகார் கொடுத்தாச்சுன்னு. கீழ பாரு. உன் கையெழுத்துல இருக்கற அப்ளிகேஷன். ஆபீஸரே தம்பிக்கு உடந்தைன்னு எழுதியிருக்கார்."

உமா நின்றபடியே படித்தாள். நீட்டமாக, அழகான ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"காலையில நான் கட்டைக் கொடுத்தப்பவே ஏன் சொல்லல?"

"தெரியல மேடம். ஒருவேளை எல்லாம் சரியா இருக்கும்னு நினைச்சேன். இருக்கணும்னு நினைச்சேன்."

சுசித்ரா கண்ணாடியைக் கழற்றினார். அவர் கோபப்படவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. "இனி இந்த ஃபைல் உன்னது இல்ல. உன்மேல விசாரணை வரும், அதை நான் தடுக்க முடியாது. நீ பாத்ததைச் சாட்சியா எழுதிக் கொடு. எழுதாம விட்டாலும் விடலாம். உன் இஷ்டம்."

உமா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு மூலை மேசைக்குப் போனாள். கலன் சில்லென்றிருந்தது. பர்னரில் குளவிக்கூடு. வெற்றுச் சலானில் மாதாமாதம் கையெழுத்து. அன்று காலை பதினொன்றேகாலுக்கு மேற்படி கிரண் மாதேஸ்வரன் மலையில் இருந்தார், நானும் உடன் இருந்தேன். 'இருந்தான்' என்று முதலில் எழுதிவிட்டு, அடித்து 'இருந்தார்' என்று திருத்தினாள். லாரியில் இப்போதும் லோடு இருக்கிறது என்பதையும் எழுதினாள். வண்டி நம்பரையும் எழுதினாள். கடைசியில் கையெழுத்துப் போட்டாள்.

நாலரை மணிக்கு வாட்ச்மேன் வந்து சொன்னான், "மேடம், யாரோ ஒரு அம்மா. தமிழ்."

சரசு. நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மகளின் மேசையைத் தாண்டி, அவளைப் பார்க்காமல், நேராக சுசித்ரா முன்னால் போய் நின்றாள்.

"என்ற பேரு சரசுங்க. கிரணைப் பெத்தவ. நான் ஒண்ணு சொல்லோணும். எழுதிக்குவீங்களா?"

"உட்காருங்கம்மா."

"நிக்கறேனுங்க. சங்கராந்தி முடிஞ்சு நஞ்சன்கூடு கோயிலுக்கு மகன்கூட லாரியிலதான் போனேன். வர்றப்ப அவன் அந்தக் குவாரிக்கு வண்டியத் திருப்பினான். அங்க வெள்ளைக் காரு நின்னுச்சு. அந்த ஆலைக்கார ஐயரு, குருபிரசாத்து, எறங்கி நின்னு கையக் காட்டறாரு, இப்படி வா, இன்னும் பொறகால வா, இங்க ஊத்துன்னு. என்ற ரெண்டு கண்ணுல பாத்தேன். என்ற மகன் தானா ஒண்ணும் பண்ணல."

"இதை கோர்ட்ல வந்து சொல்லுவீங்களா?"

"எங்க வேணாலும் வந்து சொல்றேனுங்க. உங்க ஆபீஸரம்மா எழுதறதுல என்ற மகன் பேரு மட்டும்தான் இருக்கும். இன்னொரு பேரு நான் சொல்லோணுமில்ல?"

சுசித்ரா எழுதி முடித்து, தமிழில் படித்துக் காட்டியதும் சரசு கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி.

வெளியே வந்தபோது உமா வராந்தாவில் நின்றிருந்தாள். "அம்மா, நீ சொன்னதுதான் இப்போ பெரிய..."

"உனக்காகச் சொல்லல." சரசு முந்தானையை இழுத்துச் செருகினாள். "உன்ற வேலைய நீ பாத்துட்டே. சரியாத்தான் பாத்திருப்பே. நீ சின்னதுலயும் பொய் சொல்லமாட்டே, எனக்குத் தெரியும். ஆனா இனிமேல் என்ற ஊட்டுப் பக்கம் வராதே. வந்தா பூங்குழலி கதவு தொறக்கமாட்டா. சொல்லிப்போட்டுத்தான் வந்திருக்கேன்."

உமா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையில் இருந்த போன் அதிர்ந்தது. தொட்டையன். கன்னடத்தில் கத்தினார். பின்னால் நிறையப் பேர் கத்துவது கேட்டது. ஆரஞ்சு லாரி குவாரிக்குப் போகும் வழியில் மாட்டிக்கொண்டது. ஊரே திரண்டு சூழ்ந்திருக்கிறது. டிரைவர் கேபினுக்குள் இருந்து இறங்கமாட்டேன் என்கிறான். சீக்கிரம் யாராவது வாருங்கள், பையன்கள் கையில் கல் இருக்கிறது.

அவள் சொல்லாமலே சரசுவுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவின் முகம் வெளிறிப்போனதை உமா பார்த்தாள்.

சுசித்ரா போலீஸுக்குப் போன் செய்துகொண்டே வெளியே வந்தார். "அம்மா, ஜீப்ல ஏறுங்க. நான் அங்கதான் போறேன். உமா, நீ வரக்கூடாது. உன்னை ஃபைல்ல இருந்து எடுத்தாச்சு."

"உங்க வண்டி வேண்டாமுங்க" என்றாள் சரசு. "போர்டு ஜீப்புல போயி எறங்குனா, நானே புடிச்சுக் கொடுக்க வந்தேன்னு அவன் நெனைப்பான்." விறுவிறுவென்று கேட்டைத் தாண்டிப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

உமாவும் நடந்தாள். இருவருக்கும் நடுவில் இருபது அடி. ஆட்டோ எதுவும் அந்த நேரத்தில் நிற்கவில்லை. நஞ்சன்கூடு பஸ் வந்தது. அம்மா முன் வாசலில் ஏறினாள். மகள் பின் வாசலில் ஏறினாள்.

கண்டக்டர் வந்தபோது உமா, "எரடு. ரெண்டு பேரு. அதோ, அங்க உட்கார்ந்திருக்காங்களே, அவங்களுக்கும்" என்றாள்.

"லேடீஸுக்கு டிக்கெட் ஃப்ரீதானே மேடம். அவங்கவங்க ஆதார் கார்டைக் காட்டி அவங்கவங்களே வாங்கிக்கணும்."

அம்மாவுக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுக்கக்கூட வழியில்லை. கண்டக்டர் முன்னால் போனார். சரசு கார்டை நீட்டினாள். அவர் பின்பக்கம் கையைக் காட்டி ஏதோ கேட்டார். ஒரே வீட்டுக்காரர்களா என்று கேட்டிருப்பார். சரசு திரும்பிப் பார்க்காமல் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

ஐந்து மணிப் போக்குவரத்தில் பஸ் ஊர்ந்தது. ஜீப் இந்நேரம் எங்கே போயிருக்கும் என்று உமா கணக்குப் போட்டுப் பார்த்தாள். அதுவும் இதே நெரிசலில்தான் நிற்கும். போலீஸும்தான்.

ரிங் ரோட்டைத் தாண்டும்போது போன் மறுபடி அடித்தது. திரையில் கிரண்.

மதியத்திலிருந்து அணைந்து கிடந்த போன். அவள் பதறி எடுத்தாள். "கிரண்! எங்கடா இருக்கே? கதவைத் திறக்காதே, நான் வந்துட்டே இருக்கேன், அம்மாவும்..."

நாலு சீட்டுக்கு முன்னால் சரசு திரும்பினாள். அன்று முதல் முறையாக மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

மறுமுனையில் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே யாரோ பலமாக மூச்சு வாங்கினார்கள். பிறகு பேசினார்கள்.

அது கிரணின் குரல் இல்லை.